இழுக்காதபோது விரையும் படகு

சீன நாட்டின் ஹாங்சோ நகரில் 2023ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அதில் ஆடவர் எண்மர் துடுப்புப் படகுப் பந்தயத்தின் இறுதிச் சுற்றுக்குரிய தூரம் 2,000 மீட்டர். சீனப் படகு 5 நிமிடம் 40.17 வினாடியில் எல்லைக் கோட்டைக் கடந்து தங்கம் பெற்றது. இந்தியப் படகு 5 நிமிடம் 43.01 வினாடியில் கடந்து வெள்ளி பெற்றது. இரண்டிற்கும் இடைவெளி 2.84 வினாடிதான்.

இந்த இடைவெளியைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். இந்தியப் படகின் சராசரி வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 5.83 மீட்டர். ஆகவே 2.84 வினாடி என்பது நீரில் 16½ மீட்டர் ஆகிறது. இது ஏறக்குறைய ஒரு படகின் நீளம். இத்தகைய பந்தயத்தில் ஒவ்வொருவரும் ஏறத்தாழ இருநூறு முறை துடுப்பை வீசுகின்றனர். 16½ மீட்டரை இருநூறால் வகுத்தால் 8 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அதாவது, ஒரு வீச்சுக்கு நான்கு விரற்கடை! தங்கத்திற்கும் வெள்ளிக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

அந்த நான்கு விரற்கடை எங்கிருந்து கிடைக்கிறது? 'பலசாலிகள் அமர்ந்த படகு முந்தும்' என்று சொல்லத் தோன்றும். பலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இறுதிச் சுற்றுக்கு வரும் எல்லாப் படகுகளிலும் பலசாலிகளே இருக்கின்றனர். அவர்களுள் முந்துபவர் யார் என்பதைத் தீர்மானிப்பது, பள்ளிப் பாடத்தில் நீங்கள் படித்த நியூட்டன் விதிகள்தாம். அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

துழாவுதலும் வலித்தலும்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் துடுப்பைக் கைகளால் பிடித்து நீரைத் துழாவுகிறார். துடுப்பு பரிசலோடு எங்கும் இணைக்கப்படவில்லை. கேரளத்தில் ஆலப்புழையை அடுத்த புன்னமடைக் காயலில் நடைபெறும் நேரு கோப்பைப் பந்தயத்திலும் இதே முறைதான். சுண்டன் வள்ளம் என்னும் நீண்ட பாம்புப் படகுகளில் வரிசையாக அமர்ந்தவர்கள், படகு செல்லும் திசையை நோக்கியவாறே நீரைத் துழாவுகின்றனர்.

நாம் இங்கே ஆராயும் பந்தயம் வேறு வகை. இதில் துடுப்பு, படகின் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உலோகத் தாங்கியில், ஒரு கொண்டியில் பொருத்தப்பட்டிருக்கும். துடுப்பாளர் படகு செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, துடுப்பின் கைப்பிடியைத் தம்மை நோக்கி இழுக்கிறார். இதனையே நம் முன்னோர் 'துடுப்பு வலித்தல்' என்றனர். முதுகைக் காட்டி அமர்வது ஏன்? கைகளால் நீரைத் தள்ளுவதைவிட, கால்களை ஊன்றி முதுகையும் சேர்த்து இழுக்கும்போது மனிதனால் மிகுதியான விசையைத் தர முடியும். இதுவே காரணம்.

தமிழ் மீனவர்கள் படகின் முன்முனையை அணியம் என்றும், பின்முனையை அமரம் என்றும் அழைப்பர். இச்சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துடுப்பாளர்களின் முகமும் கால்களும் அமரத்தை நோக்கியிருக்கும். அவர்களின் முதுகு அணியத்தை நோக்கியிருக்கும்.

இவ்விளையாட்டு நம் பகுதிக்குப் புதிதன்று. கொழும்பில் பேரே வாவிக் கரையில் 1864இலும், சென்னையில் அடையாற்றங்கரையில் 1867இலும் துடுப்புப் படகுச் சங்கங்கள் தோன்றின. இவ்விரு நகரங்களின் சங்கங்களும் 1898 முதல் ஒன்றோடொன்று போட்டியிட்டு வருகின்றன.

எண்மர் படகின் அளவுகள் வியப்பூட்டுபவை. அதன் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர். அகலமோ 60 சென்டிமீட்டருக்கும் குறைவு. விதிப்படி அதன் எடை 96 கிலோவுக்குக் குறையக்கூடாது. எட்டுப் பேரும் ஆளுக்கு 90 கிலோ எனக் கொண்டால் 720 கிலோ. சுக்கான் பிடித்து வழிகாட்டும் ஒன்பதாம் ஆளான சுக்கானியையும் சேர்த்தால் 775 கிலோ ஆகிறது. அதாவது, சுமக்கும் படகைப்போல் எட்டு மடங்கு எடையுள்ளவர்கள் அதனுள் இருக்கின்றனர்! இவ்வளவு எடை ஒரு நிமிடத்தில் 36 முதல் 40 முறை முன்னும் பின்னும் நகர்கிறது. இந்த ஓர் உண்மையிலிருந்தே மற்றவை எல்லாம் பிறக்கின்றன.

துடுப்பு ஒரு நெம்புகோல்

எண்மர் படகின் துடுப்பு ஏறத்தாழ 3.75 மீட்டர் நீளமுடையது. கொண்டிக்கு உட்புறம் ஏறத்தாழ 1.15 மீட்டரும், வெளிப்புறம் 2.6 மீட்டரும் இருக்கும். வெளிப்புறம் உட்புறத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் நீளமானது. ஆகவே கைப்பிடியில் தரும் விசையில் பாதிக்கும் குறைவான அளவே துடுப்பின் அலகில் நீருக்குக் கிடைக்கும். பாறையைப் புரட்டும் கடப்பாரையில் நாம் விசையைப் பெருக்கிக் கொள்கிறோம். இங்கோ விசையை விட்டுக்கொடுத்துத் தூரத்தைப் பெறுகிறோம். படகு வேகமாக ஓடிக்கொண்டிருக்கையில் அலகும் அதற்கேற்ற வேகத்தில் பின்னோக்கிச் செல்ல வேண்டும் அல்லவா? அதற்காகவே இந்த ஏற்பாடு.

இதை வேறொரு கோணத்திலும் பார்க்கலாம். கரையில் நிற்பவருக்கு, நீரில் ஊன்றிய அலகு பெரும்பாலும் இடம்பெயராமல் நிற்பதாகவே தோன்றும். அலகைச் சுற்றியே துடுப்பு திரும்புகிறது. நடுவிலுள்ள கொண்டி முன்னே தள்ளப்படுகிறது. கொண்டியோடு சேர்ந்து படகும் செல்கிறது. பாக்குவெட்டியில் பாக்கு இருக்கும் இடத்தில் இங்கே படகு இருக்கிறது எனலாம். ஆகவே சிறந்த துடுப்பாளர் நீரைப் பின்னுக்கு வாரி இறைப்பதில்லை. நீரில் ஓர் ஊன்றுகோலை நட்டு, அதைப் பிடித்துப் படகை முன்னே நகர்த்துகிறார். அலகிலிருந்து நீர் சிதறித் தெறித்தால் அவருடைய உழைப்பு படகை விட்டு நீருக்குப் போகிறது என்று பொருள்.

ஒரு வீச்சின் நான்கு கட்டங்கள்

நிமிடத்திற்கு 36 வீச்சு என்றால் ஒரு வீச்சுக்கு 1.67 வினாடி கிடைக்கும். இச்சிறு நேரத்தில் நான்கு செயல்கள் நடைபெறுகின்றன.

முதலாவது பற்றுதல். துடுப்பாளர் முழங்கால்களை மடக்கி, உடலை முன்சாய்த்து, கைகளை நீட்டி அமர்ந்திருக்கிறார். அவர் கைகளைச் சற்றே உயர்த்த, அலகு நீருள் இறங்குகிறது. அலகு முழுவதும் நீரில் மூழ்கிய பின்பே கால்களால் உதைக்க வேண்டும்.

இரண்டாவது இழுத்தல். முதலில் கால்கள் நிமிர்கின்றன. அடுத்து முதுகு பின்சாய்கிறது. கடைசியில் கைகள் கைப்பிடியை மார்புக்குக் கொண்டுவருகின்றன. மொத்தத் திறனில் ஏறத்தாழப் பாதியைக் கால்களும், மூன்றில் ஒரு பங்கைக் உடற்பகுதியும், எஞ்சியதைக் கைகளும் தருகின்றன. துடுப்பு வலிப்பது கைகளின் வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது விடுதல். கைப்பிடியைக் கீழே அழுத்த, அலகு நீரிலிருந்து நேராக மேலே வருகிறது. உடனே அது காற்றைக் கிழித்துச் செல்லும்படி படுக்கைவாட்டில் திருப்பப்படுகிறது.

நான்காவது மீளுதல். இப்போது வரிசை தலைகீழாகிறது. கைகள் முதலில் நீள்கின்றன. அடுத்து உடல் சாய்கிறது. கடைசியில் முழங்கால்கள் மடங்க, சக்கரங்கள் பொருத்திய இருக்கை அமரத்தை நோக்கி உருண்டு செல்கிறது. துடுப்பாளர் அடுத்த பற்றுதலுக்குத் தயாராகிறார்.

இந்நான்கனுள் படகு மிக விரைவாக ஓடுவது எந்தக் கட்டத்தில் என்று நினைக்கிறீர்கள்? மேலே படிப்பதற்கு முன் ஒரு கணம் சிந்தியுங்கள்.

இழுக்காதபோது விரைவு

'இழுக்கும்போதுதான்' என்பது பலரும் கூறும் விடை. அது தவறு. படகு மிக விரைவாக ஓடுவது, துடுப்புகள் எல்லாம் நீருக்கு மேலே இருக்கும் மீளுதலின்போது! மிக மெதுவாக ஓடுவது, துடுப்புகள் நீரைப் பற்றி இழுக்கத் தொடங்கிய உடனே!

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மேசைமீது ஐந்தாறு உருண்டைப் பென்சில்களை இணையாக வைத்து, அவற்றின்மேல் ஓர் இலேசான அட்டையை வையுங்கள். அட்டையின்மேல் சாவி கொடுத்த பொம்மைக் காரை விடுங்கள். கார் முன்னே போகும். அட்டை பின்னே போகும். கார் கனமாகவும் அட்டை இலேசாகவும் இருந்தால் அட்டையே மிகுதியாக நகரும். ஒவ்வொரு செயலுக்கும் அதற்குச் சமமான எதிர்ச்செயல் உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே.

படகிலும் இவ்வாறே நிகழ்கிறது. மீளுதலின்போது 720 கிலோ எடையுள்ள எண்மரும் கால்களால் பாதப்பலகையைத் தம்மை நோக்கி இழுத்துக்கொண்டு அமரத்தை நோக்கி நகர்கின்றனர். அதன் எதிர்ச்செயலாக 96 கிலோ படகு அணியத்தின் திசையில், அதாவது முன்னோக்கி, விரைகிறது. ஆனால் நகர்ந்துகொண்டிருக்கும் உடல்கள் ஓரிடத்தில் நின்று திரும்ப வேண்டும். அப்போது எட்டுப் பேரும் பாதப்பலகையை அமரத்தின் பக்கமாக உதைக்கின்றனர். அந்த உதை படகைப் பின்னுக்குத் தள்ளுகிறது. நீரைப் பற்றிய துடுப்புகள் இதை ஈடுசெய்து படகை முன்னே கொண்டுவரும் வரை வேகம் குறைந்தே இருக்கும்.

ஆகவே பந்தயப் படகு ஒரே சீரான வேகத்தில் செல்வதே இல்லை. ஒவ்வொரு வீச்சிலும் அதன் வேகம் சராசரியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது; அதே அளவு குறையவும் செய்கிறது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரிவதில்லை. படகு வழுக்கிக்கொண்டு போவதாகவே தோன்றும்.

ஏற்ற இறக்கத்தின் விலை

வேகம் கூடிக் குறைந்தால் என்ன? சராசரி ஒன்றாக இருந்தால் போதாதா? போதாது. காரணம் நீரின் தடை.

படகின் வேகம் இரு மடங்கானால் நீரின் தடைவிசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதாவது, தடைவிசை வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கக் கிடைப்பது. ஆகவே தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படியைப் பொறுத்தது.

இரண்டு படகுகளை எடுத்துக்கொள்வோம். முதற்படகு எப்போதும் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 5இன் முப்படி 125. எனவே அதற்குத் தேவையான திறன் 125 அலகு என்போம். இரண்டாம் படகு பாதி நேரம் 4 மீட்டர் வேகத்திலும், மறுபாதி நேரம் 6 மீட்டர் வேகத்திலும் செல்கிறது. சராசரி அதே 5 மீட்டர்தான். ஆனால் 4இன் முப்படி 64. 6இன் முப்படி 216. இவற்றின் சராசரி 140! ஒரே தூரத்தை ஒரே நேரத்தில் கடக்க, இரண்டாம் படகினர் 12 சதவீதம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது.

உண்மையான படகில் வேகம் இப்படித் திடீரென மாறாமல் படிப்படியாக மாறுவதால், இழப்பு 5 அல்லது 6 சதவீதமாக இருக்கும். இதையும் சிறிதென எண்ண வேண்டா. 5 சதவீதத் திறன் முழுவதும் மிச்சமானால் வேகம் 1.6 சதவீதம் கூடும். 340 வினாடிப் பந்தயத்தில் அது ஏறத்தாழ 5½ வினாடி. தொடக்கத்தில் நாம் கண்ட 2.84 வினாடியைப்போல் அது ஏறக்குறைய இரு மடங்கு!

இந்த இழப்பு வெல்பவருக்கும் உண்டு, தோற்பவருக்கும் உண்டு. இதை முற்றிலும் ஒழிக்க முடியாது. ஆனால் உடலைத் தாறுமாறாக நகர்த்தும் குழு மிகுதியாக இழக்கிறது. பழகிய குழு குறைவாக இழக்கிறது. அந்த நான்கு விரற்கடையின் ஒரு பகுதி ஒளிந்திருப்பது இங்கேதான்.

நகரும் இருக்கையும் நகரும் தாங்கியும்

முற்காலப் பந்தயப் படகுகளில் இருக்கை நகராது. முதுகும் கைகளுமே வேலை செய்தன. கால்களின் வலிமையையும் பயன்படுத்த விரும்பிய சிலர், தோல் கால்சட்டையில் கொழுப்பைத் தடவிக்கொண்டு பலகைமேல் வழுக்கிப் பார்த்தனர். பின்னர் சக்கர இருக்கை வந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடைபெறும் புகழ்பெற்ற பந்தயத்தில் 1873ஆம் ஆண்டு முதன்முறையாக இது பயன்பட்டது. கால்களின் திறன் கிடைத்தது. கூடவே உடல் நகர்வினால் வரும் வேக ஏற்ற இறக்கமும் வந்து சேர்ந்தது. வரவு செலவைவிட மிகுதி என்பதால் எல்லோரும் அதையே ஏற்றனர்.

உடல் நகராமலே கால்களின் திறனைப் பெற முடியுமா? முடியும். இருக்கையை நிலையாக வைத்து, பாதப்பலகையையும் துடுப்பைத் தாங்கும் உலோகத் தாங்கியையும் நகரவிட்டால் போதும். அப்போது முன்னும் பின்னும் போவது கனமான மனித உடலன்று. சில கிலோ எடையுள்ள தாங்கிதான். படகு ஏறக்குறைய சீராகச் செல்லும். மேற்கு ஜெர்மனியின் பீட்டர்-மிஷேல் கோல்பே 1981ஆம் ஆண்டு இத்தகைய படகில் ஒற்றையர் உலகப் பட்டத்தை வென்றார். 1983ஆம் ஆண்டு உலகப் போட்டியில் ஆடவர் ஒற்றையர் இறுதிச் சுற்றுக்கு வந்த அனைவரும் இதே அமைப்பைப் பயன்படுத்தினர். அதன்பின் பன்னாட்டுச் சங்கம் இதனைத் தடை செய்துவிட்டது. செலவு மிகுந்த அமைப்பு எல்லா நாட்டினருக்கும் எட்டாது என்பது காரணமாகக் கூறப்பட்டது.

இத்தடை, நாம் மேலே போட்ட கணக்கு உண்மையே என்பதற்கு ஒரு சான்று. ஆகவே இன்றைய துடுப்பாளர், எந்திர அமைப்பின் உதவியால் பெறக்கூடியதை உடற்பயிற்சியாலும் கட்டுப்பாட்டாலும் பெற முயல வேண்டியிருக்கிறது.

மாற்றி மாற்றி வலித்தால் என்ன?

இங்கே சிந்திக்கும் மாணவர் ஒரு கேள்வியை எழுப்பலாம். எண்மரும் ஒரே நேரத்தில் நகர்வதால்தானே படகு குலுங்குகிறது? நால்வர் முன்னே போகும்போது மற்ற நால்வர் பின்னே வந்தால் ஒன்றுக்கொன்று சரியாகி விடாதா?

நம் நாட்டுப்புறங்களில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 'நாடு' என்று பெயர் பெற்ற ஊராட்சிகளுள் ஒன்று ஆலத்தூர் நாடு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் மலை அது. எந்திரங்கள் வருமுன் அங்கும் பிற ஊர்களிலும் தானியத்தை உரலிலிட்டு உலக்கையால் குத்துவதே வழக்கம். ஒரே உரலில் இரு பெண்கள் குத்தும்போது ஒருவர் உலக்கை மேலே போக, மற்றவர் உலக்கை கீழே வரும். தாளம் தவறாது. அவர்கள் ஏன் ஒரே நேரத்தில் குத்துவதில்லை? உரலின் வாய் ஒன்று. இரண்டு உலக்கைகள் ஒருசேர இறங்கினால் மோதிக்கொள்ளும். மாற்றிக் குத்தினால் உரல் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. உரல் தரையில் நிலையாக நிற்பதால், குத்துபவரின் உடல் அசைவு உரலை நகர்த்துவதும் இல்லை.

படகிலும் இம்முறையைப் பலர் முயன்றதுண்டு. 2013இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை குறிப்பிடத்தக்கது. துடுப்பு வலிப்பதைப்போன்ற பயிற்சி எந்திரங்கள் இரண்டை ஒன்றாகப் பிணைத்து, நகரும்படி அமைத்தனர். இருவர் இருவராக அமர்த்தி, முதலில் சேர்ந்தும் பின்னர் மாற்றி மாற்றியும் வலிக்கச் செய்தனர். மாற்றி வலித்தபோது வேக ஏற்ற இறக்கத்தால் வரும் இழப்பு ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்தது. கணக்கு சொன்னது சரிதான் என்று தெரிந்தது.

அப்படியானால் ஏன் இன்னும் எல்லாப் படகுகளிலும் சேர்ந்தே வலிக்கின்றனர்? முதற்காரணம் இடநெருக்கடி. ஒருவருக்குப் பின் ஒருவராக நெருக்கமாக அமர்ந்த எண்மரின் உடல்களும் துடுப்புகளும் எதிரெதிராக நகர்ந்தால் மோதிக்கொள்ளும். இரண்டாவது காரணத்தைப் பிரான்சு நாட்டின் எகோல் பாலிடெக்னிக் ஆய்வாளர்கள் கண்டனர். அவர்கள் ஒரு சிறிய மாதிரிப் படகில் எட்டு எந்திரத் துடுப்பாளர்களைப் பொருத்தினர். எந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வலித்தபோது படகின் வேகம் சீராக இருந்தது உண்மை. ஆனால் எட்டும் ஒருசேர வலித்தபோதே படகு விரைவாகச் சென்றது. எல்லா உடல்களும் ஒன்றாக மீளும்போது படகுக்குக் கிடைக்கும் முன்னுந்தல், சீரற்ற வேகத்தால் வரும் இழப்பைவிட மேலோங்கியது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

உரலுக்கு மாற்றிக் குத்துவது ஏற்றது. படகுக்குச் சேர்ந்து வலிப்பது ஏற்றது. தாளம் இரண்டுக்கும் வேண்டும். ஆனால் எந்தத் தாளம் என்பதை, நிலையாக நிற்பது எது, நகர்வது எது என்பதே முடிவு செய்கிறது.

நுட்பத்தை அளப்பது எப்படி?

முன்பு பயிற்சியாளர் கரையிலோ மற்றொரு படகிலோ இருந்து கண்ணால் பார்த்தே குறை கண்டார். இன்று கொண்டியிலேயே விசையளவிகள் பொருத்தப்படுகின்றன. துடுப்பு எத்தனை பாகை திரும்புகிறது, ஒவ்வொரு கணத்திலும் எவ்வளவு விசை தரப்படுகிறது என்பவற்றை அவை பதிவு செய்கின்றன. படகின் அடியில் முடுக்கமானியும், செயற்கைக்கோள் வழியே வேகம் காட்டும் கருவியும் உண்டு. பக்கவாட்டிலிருந்து எடுத்த காணொளியோடு இவற்றை இணைத்துப் பார்க்கின்றனர்.

விசையை நேர் அச்சிலும், துடுப்பின் கோணத்தைக் கிடை அச்சிலும் கொண்டு வரைபடம் வரைந்தால் ஒரு மேடு கிடைக்கும். தேர்ந்தவரின் மேடு, பற்றுதலுக்குப் பின் சட்டென உயர்ந்து, வழவழப்பாக வளைந்து, இறுதிவரை சரிவாக இறங்கும். புதியவரின் மேட்டில் நடுவே ஒரு பள்ளம் தெரியும். கால்கள் வேலையை முடித்த பின்பு முதுகு வேலையைத் தாமதமாகத் தொடங்கியதன் அடையாளம் அது. மேட்டின் பரப்பு, ஒரு வீச்சில் அவர் செய்த வேலையின் அளவைக் காட்டும்.

கருவிகள் காட்டும் மற்றொரு குறை, இருக்கையை விரைந்து உருட்டிக்கொண்டு வருவது. மீளுதலில் அவசரப்படுபவர் கடைசியில் திடீரென நிற்க வேண்டியிருக்கும். படகின் வேகம் சட்டென விழுவது வரைபடத்தில் ஒரு பள்ளமாகப் பதிவாகும். அலகு நீரில் இறங்குமுன் கால்களை உதைப்பவரும் இதே தீங்கைச் செய்கிறார். அவருடைய உதை, நீரில் பிடிப்பின்றிப் படகைப் பின்னுக்குத் தள்ளுவதிலேயே வீணாகிறது.

நேர ஒற்றுமையும் அளக்கப்படுகிறது. தேர்ந்த குழுவில் ஒருவர் பற்றுவதற்கும் மற்றவர் பற்றுவதற்கும் உள்ள வேறுபாடு நூறில் ஒன்றிரண்டு வினாடி அளவே இருக்கும். கண் இமைப்பதற்கு இதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும்! ஒருவரை ஒருவர் பார்த்து இதைச் செய்ய முடியாது. முன்னால் இருப்பவரின் முதுகசைவு, பாதத்தின்கீழ் படகின் அதிர்வு, கொண்டிகளின் ஒலி ஆகியவற்றை உணர்ந்து உணர்ந்தே இது பழக்கத்திற்கு வருகிறது.

ஆறில்லா ஊரிலிருந்து

'எங்கள் ஊரில் ஆறில்லை; எங்களுக்கு இதனால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். கொல்லிமலையில் வாசலூர்ப்பட்டியில் படகு இல்லம் ஒன்று உண்டு. அதுவும் சுற்றுலா வருபவர் உலாவுவதற்கே. ஆனால் இந்தியாவின் துடுப்பு வீரர்கள் சிலரின் வரலாற்றைப் பாருங்கள். 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் பிரிவில் தங்கம் வென்ற பஜ்ரங் லால் தாக்கர், வறண்ட இராசத்தான் மாநிலத்தின் சிகார் மாவட்டத்தைச் சேர்ந்தவர். தத்து போகனல், மகாராட்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் நீர்ப்பஞ்சம் மிகுந்த ஒரு சிற்றூரில் பிறந்து, கிணறு வெட்டும் வேலையும் செய்தவர். 2012இல் படையில் சேர்ந்த பின்பே துடுப்பைத் தொட்டார். நான்கே ஆண்டுகளில், 2016 ரியோ ஒலிம்பிக் போட்டியில் ஒற்றையர் பிரிவில் 13ஆம் இடம் பெற்றார். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் நால்வர் இரட்டைத் துடுப்புப் பந்தயத்தில் தங்கம் வென்ற குழுவிலும் அவர் இருந்தார். புனேயில் உள்ள இராணுவத் துடுப்புப் பயிற்சி மையமே இத்தகைய வீரர்கள் பலரை உருவாக்கியது. கால்வலிமையும், மூச்சுவலிமையும், பிறருடைய தாளத்தோடு இணையும் பொறுமையும் உள்ளவர்களுக்கு நீரைப் பின்னர் அறிமுகப்படுத்தலாம் என்பதை இவர்கள் காட்டியிருக்கின்றனர். மலையேறிப் பழகிய கால்களுக்கும் இது பொருந்தும்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் துடுப்புப் படகுப் பந்தயத்தைக் காணும்போது, துடுப்பாளர்களின் கைகளைப் பார்க்காதீர்கள். துடுப்புகள் நீருக்கு மேலே இருக்கும் நேரத்தைப் பாருங்கள். இருக்கைகள் அவசரமின்றி ஒன்றாக உருள்கின்றனவா? அலகுகள் எட்டும் ஒரே கணத்தில் நீர் தெறிக்காமல் இறங்குகின்றனவா? பற்றும் கணத்தில் படகின் முனை ஆடுகிறதா, அமைதியாக இருக்கிறதா? இம்மூன்றையும் ஐந்து நிமிடம் கவனித்தால், எல்லைக் கோடு வருமுன்னே எந்தப் படகு முந்தும் என்று நீங்களே ஊகித்துப் பார்க்கலாம். உங்கள் ஊகம் சரியாக இருந்ததா என்பதை முடிவு நேரங்களோடு ஒப்பிட்டு, எத்தனை விரற்கடை வேறுபாடு என்றும் கணக்கிட்டுப் பாருங்கள்.